கிரெனடாவில் ஓர் ஓய்வு, ஒரு பெரிய சட்டி ஒயில் டவுன்

திருகோணமலைக் கரையில், உப்புவெளியில் வீடு வைத்திருக்கிற ஒருத்தி கடற்கரை பார்க்கக் கரீபியன் போய் வந்தாள் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளை மணலும் தெளிந்த தண்ணீரும் மட்டும்தான் வேண்டும் என்றால் கிரெனடாவுக்கு அவ்வளவு காசு கொட்டிப் போகத் தேவையில்லை. நிலாவெளிக்கு பஸ் ஏறினால் போதும். ஆனால் ஒயில் டவுன் என்ற அவர்களுடைய சாப்பாடு இருக்கிறதே, அதைச் சமைக்கத் தெரிந்த ஒரு வீட்டில், அடுப்பு மூட்டியதிலிருந்து சட்டி இறக்கும்வரை கூடவே இருந்து சாப்பிட வழி கிடைத்தால் கட்டாயம் போங்கள். நான் எழுதுவது அப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பற்றித்தான்.

நான் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிற தொழில் செய்கிறேன். சித்திரை தொடங்கி புரட்டாதி வரைக்கும் வெள்ளைக்காரரும் கொழும்பு ஆட்களும் நிறைந்திருப்பார்கள், நிமிர நேரம் கிடைக்காது. மாரி தொடங்கிக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் தொழில் படுத்துவிடும். அந்த இடைவெளியில்தான் ரொறன்ரோவில் இருக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டாள். அங்கே பனி. அத்தானுக்கு முழங்கால் வலி. "வெயில் உள்ள இடமாகப் பார்த்துப் போய்ப் படுத்துக் கிடப்போம்" என்று பெறாமகள் கணினியில் தேடிப் பிடித்தது கிரெனடா. குளிர்காலத்தில் ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. ஜனவரி முதல் மே வரை அங்கே மழை குறைந்த காலம். நாங்கள் போனது பெப்ரவரித் தொடக்கத்தில்.

தீவு சின்னது. 344 சதுர கிலோமீற்றர் என்கிறார்கள், அதாவது நம் திருகோணமலை மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. சனத்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இங்கிலிஷ் பேசுகிறார்கள். தமக்குள் பேசும்போது வேகம் கூடிவிடும், அப்போது பெறாமகளுக்கே பாதிதான் விளங்கியது. கிழக்குக் கரீபியன் டொலர் என்று தனிக் காசு, ஓர் அமெரிக்க டொலருக்கு 2.70 என்று பல பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். 2022இல் நம் ரூபாய் சரிந்து விழுந்ததைக் கடந்து வந்த எனக்கு அதுவே ஓர் ஆறுதலாக இருந்தது.

நாங்கள் தங்கிய வீடு கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையிலிருந்து மேட்டில் ஏறும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். மூன்று அறைதான் வாடகைக்கு. "எங்கள் பெயரைப் போட்டுப் பெரிதாக்க வேண்டாம், வருகிறவர்களைக் கவனிக்க முடியாமல் போய்விடும்" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார், அதனால் பெயரைத் தவிர்க்கிறேன். அறை சுத்தம். கட்டில் விரிப்பு மொடமொடவென்று வெயில் மணத்தோடு இருக்கும். நுளம்புவலை உண்டு, மாலையில் அது கட்டாயம் வேண்டும். குளியலறையில் சுடுதண்ணீர் வருவதும் வராததும் அதன் விருப்பம், அத்தானுக்கு அது பெரிய குறை. ஒழுங்கை செங்குத்தாக இருப்பதால் முழங்கால் வலிக்காரர் ஒவ்வொரு தடவையும் வாகனம் பிடிக்க வேண்டியிருக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் முன்கூட்டியே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலைச் சாப்பாடு வாடகைக்குள் சேர்ந்தது. கொக்கோ உருண்டையைத் துருவி, கறுவாவும் சாதிக்காயும் போட்டுக் கொதிக்கவைத்துப் பால் விட்டு ஒரு பானம் தருகிறார்கள். அதற்குப் பெயர் கொக்கோ டீ, தேயிலை ஒரு துளிகூடக் கிடையாது. மேலே கொக்கோவின் நெய் மெல்லிசாக மிதக்கும். கூடவே பொரித்த மாவு ரொட்டியும், வெங்காயம் தக்காளி போட்டுப் பிரட்டிய உப்பு மீனும். அந்த உப்பு மீனைக் கண்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கருவாட்டைக் காலையிலேயே சாப்பிடுகிற சனத்தை எனக்குப் பிடிக்காமல் போகுமா?

கிராண்ட் ஆன்ஸ் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளம். கடற்கரை எல்லாமே பொதுச் சொத்து, எந்த ஹொட்டலின் முன்னாலும் துவாய் விரித்துப் படுக்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். தண்ணீர் தீவின் மேற்குப் பக்கம் என்பதால் அமைதி. அக்கா முழுநாளும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கதைத்துக்கொண்டே இருந்தாள். ரொறன்ரோவில் இரண்டு வேலை பார்க்கிற அவளை அப்படிப் பார்த்ததே எனக்குப் பெரிய சந்தோசம். மொலினியர் குடாவில் கடலுக்கு அடியில் சிலைகள் வைத்திருக்கிறார்கள், ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் என்ற சிற்பி 2006இல் தொடங்கியது. கண்ணாடித் தரைப் படகில் போய்ப் பார்த்தோம். நல்லது. ஆனால் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவில் உயிருள்ள பவளப் பாறையைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு தடவை போதும்.

தலைநகர் சென் ஜோர்ஜஸுக்கு ஒன்றாம் இலக்க வான் வண்டியில் போகலாம். நம் ஊர்த் தனியார் பஸ்போலவே ஒரு பையன் வாசலில் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவான். இறங்க வேண்டிய இடம் வந்தால் வானின் உடம்பில் தட்ட வேண்டும். சென் ஜோர்ஜஸ் துறைமுகத்தைச் சுற்றி மேட்டில் படிப்படியாக வீடுகள், சிவப்பு ஓடுகள். திருகோணமலை உட்துறைமுக வீதியில் வளர்ந்த என் அத்தான் நீண்ட நேரம் அந்தத் துறைமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மலை உச்சியில் ஒரு கோட்டை. பெயர்ப் பலகையைப் பார்த்தால் பிரெட்றிக் கோட்டை! திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் நாம் மான்களுக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டு நடக்கிறோமே, அதே பெயர். அங்கே மான் இல்லை. பீரங்கிகள் கடலை விட்டுவிட்டு உள்நாட்டைப் பார்த்து நிற்கின்றன. 1779இல் பிரெஞ்சுக்காரர் தரைப் பக்கமாக ஏறி வந்துதான் தீவைப் பிடித்தார்களாம். பிறகு தங்களுக்கும் அதே கதி வரக்கூடாதென்று அப்படிக் கட்டத் தொடங்க, முடித்தது பிரிட்டிஷ்காரர். மூன்று வருடம் கழித்து, 1782இல், அதே பிரெஞ்சுக் கடற்படையின் தளபதி சஃப்றன் நம் திருகோணமலையைப் பிடித்தார் என்று அத்தான் எங்களுக்குப் பாடமே எடுத்தார்.

சந்தையில் எங்கே பார்த்தாலும் சாதிக்காய். கொடியிலேயே சாதிக்காய் வைத்திருக்கிற நாடு. 2004க்கு முன்னர் இந்தோனேசியாவுக்கு அடுத்தபடி உலகத்துக்கு அதிகம் கொடுத்தது இந்தச் சின்னத் தீவுதான். அந்த வருடம் செப்டெம்பர் 7ஆம் திகதி ஐவன் சூறாவளி வந்தது. பத்தில் ஒன்பது வீடுகளுக்குச் சேதம், 39 உயிர்கள் போயின, மரங்கள் அடியோடு சாய்ந்தன. சாதிக்காய் மரம் நட்டுக் காய்க்க வருடக்கணக்காகும் என்பதால் தோட்டங்கள் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். அவர் எதைச் சொன்னாலும் "ஐவனுக்கு முன்", "ஐவனுக்குப் பின்" என்றுதான் காலத்தைக் குறிப்பார். அதே 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமியை நான் அவருக்குச் சொன்னேன். எங்கள் கரையில் எது வரைக்கும் தண்ணீர் வந்தது, எங்கள் ஒழுங்கையில் யார் யார் போனார்கள் என்று. அவர் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் வாடகைக்கு வந்தவர்கள் என்ற எண்ணம் அந்த வீட்டில் இல்லாமல் போய்விட்டது.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன்.

ஒயில் டவுன் கிரெனடாவின் தேசிய உணவு. ஈரப்பலாக்காய், உப்பு மீன் அல்லது உப்பு இறைச்சி, வாழைக்காய், சேம்பிலை, மாவு உருண்டை, எல்லாவற்றையும் ஒரே சட்டியில் அடுக்கி, மஞ்சள் கரைத்த தேங்காய்ப்பாலை ஊற்றி, பால் முழுக்க வற்றி எண்ணெய் பிரியும்வரை வேகவைப்பது. கேட்டவுடனேயே, இது நம் குசினியில் இருக்கிற சாமான் எல்லாம் ஆயிற்றே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதலில் அதை நாங்கள் சாப்பிட்டது கடற்கரையோரம் ஒரு பெரிய ஹொட்டலின் இரவு விருந்தில். பெயர் சொல்ல மாட்டேன். ஒரு நீண்ட மேசையில் மூடி போட்ட வெள்ளிப் பாத்திரத்தில், "கிரெனடாவின் மரபு உணவு" என்று எழுதி வைத்திருந்தார்கள். ஈரப்பலாக்காயைத் தனியாக அவித்து எடுத்து, தகரப்பாலில் செய்த மஞ்சள் குழம்பை மேலே ஊற்றியிருக்கிறார்கள். காய்க்குள் உப்பும் போகவில்லை, பாலும் போகவில்லை. மாவு உருண்டை நடுவில் பச்சை. அதற்கு ஆளுக்கு வாங்கிய காசில் உப்புவெளியில் ஒரு குடும்பம் ஒரு கிழமை மீன் வாங்கலாம். அக்கா கோப்பையை ஒதுக்கிவிட்டு, "இதற்கா இந்தத் தீவு முழுக்கப் பெருமைப்படுகிறது?" என்றாள். நான் சமைக்கிறவள், எனக்கு விளங்கியது. அடுக்கி ஒன்றாக வேகவேண்டியதைப் பிரித்துச் சமைத்துவிட்டுக் கடைசியில் சேர்த்தால் வேறு என்ன வரும்? அந்த ஹொட்டல் சாப்பாட்டோடு இதை எடைபோட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வீட்டுக்கார அம்மா சனிக்கிழமைகளில் ஒயில் டவுன் சமைப்பார். தங்குகிறவர்கள் முதல் நாளே சொன்னால் சேர்த்துக்கொள்வார், ஆளுக்கு 60 கிழக்குக் கரீபியன் டொலர். அதோடு அந்தச் சனி சுதந்திர தினத்தை ஒட்டி வந்தது. 1974 பெப்ரவரி 7இல் சுதந்திரம் பெற்றார்கள். தெருவோரக் கல், மதில், மரத்தின் அடி என்று எல்லாவற்றுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை பூசியிருந்தார்கள். அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு ஒயில் டவுன்தான்.

நாங்கள் முதலிலேயே ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே வழக்கமாகப் பன்றி வாலையும் உப்பிட்ட மாட்டிறைச்சியையும் போடுவார்கள். நாங்கள் மாடு சாப்பிடமாட்டோம், அக்கா பன்றியும் சாப்பிடமாட்டாள். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உப்பு மீனும் கோழியும் போடுவேன், அதுவும் ஒயில் டவுன்தான்" என்றார். ஒன்றுமே போடாமல் மரக்கறியாகவும் செய்வார்கள், ரஸ்தபாரி மதத்து ஆட்கள் அப்படித்தான் சாப்பிடுவார்கள், பலர் உப்பும் சேர்க்கமாட்டார்கள். ஆகவே சைவக்காரரும், கிண்ணியா மூதூரிலிருந்து போகிற முஸ்லிம் ஆட்களும் பயப்பட வேண்டாம். ஆனால் முன்கூட்டியே கேளுங்கள். சட்டி அடுக்கிய பிறகு கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

காலை ஒன்பது மணிக்கு முற்றத்தில் மூன்று கல்லை வைத்து நெருப்பு மூட்டினார் அவருடைய கணவர். ஆண்கள் விறகும் சட்டியும், பெண்கள் காயும் தேங்காயும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் கலந்துவிட்டது. அயல் வீட்டுக்காரர் நாலைந்து பேர் வந்தார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாமான். ஒருவர் வாழைக்காய், ஒருவர் சேம்பிலைக் கட்டு, ஒரு கிழவர் ஒரே ஒரு ஈரப்பலாக்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. எனக்குக் கொடுத்த வேலை தேங்காய்.

திருவலை இல்லை. தேங்காயை உடைத்துக் கத்தியால் தோண்டி எடுத்து, துண்டாக்கி, மெஷினில் அடித்துப் பிழிகிறார்கள். நான் பிழிந்த முதற்பாலை ஒரு பாத்திரத்திலும் இரண்டாம் பாலை இன்னொன்றிலும் பிரித்து வைத்தேன், கை பழகிய வேலை. அம்மா வந்து பார்த்துவிட்டு இரண்டையும் ஒன்றாக ஊற்றிவிட்டார்! எனக்குத் திக்கென்றது. நாம் என்ன செய்வோம்? இரண்டாம் பாலில் காயை வேகவிட்டு, இறக்கும் நேரத்தில் முதற்பாலை விட்டு, ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைப்போம். பால் திரைந்தால் கறி கெட்டது என்று அம்மம்மா காலத்திலிருந்து ஒரு பயம். சொதிக்கு நான் அடுப்படியை விட்டு அசையமாட்டேன். இங்கே கதை தலைகீழ். முதற்பால் தொடக்கத்திலேயே போகிறது. அது கொதித்து, திரைந்து, தண்ணீர் எல்லாம் காய்க்குள் இறங்கி, கடைசியில் தேங்காய் எண்ணெய் சட்டியின் அடியில் நிற்க வேண்டும். நாம் குற்றமாக நினைப்பதுதான் இவர்களுக்குப் பக்குவம். இவ்வளவு வருடம் தேங்காய்ப்பாலில் சமைத்த எனக்கு இது ஒரு புதுக் கதவு திறந்த மாதிரி இருந்தது.

அடுக்குவதுதான் இந்தச் சமையலில் கைப்பக்குவம். அடியில் ஈரப்பலாக்காய், தோல் சீவி, நடுத்தண்டை வெட்டி எறிந்து, பெரிய பெரிய துண்டாக. அதற்கு மேல் இரவு முழுக்க ஊறி உப்புக் குறைந்த மீன். பிறகு பச்சைத் தழைகளும் பூண்டும் போட்டுப் பிசைந்த கோழி, வாழைக்காய், கரட். நெட்டிலைக் கொத்தமல்லி, வெங்காயத் தாள், தைம். உறைப்பு மிளகாய் ஒன்று முழுதாக, உடையாமல், வாசத்துக்கு மட்டும். அதன் மேல் சேம்பிலை, நரம்பை உரித்துச் சுருட்டி. மஞ்சள் கரைத்த பாலை ஊற்றி, ஓரத்தில் சட்டிக்கும் காய்க்கும் இடையே கை விட்டு இடைவெளி பார்க்கிறார் அம்மா. இடைவெளி இருக்கக்கூடாதாம். கடைசியாக உச்சியில் மாவு உருண்டை. கோதுமை மாவை உப்புத் தண்ணீரில் பிசைந்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டி விரல் நீளத்துக்கு எடுப்பார்கள். கொழுக்கட்டை பிடித்த கைக்கு அது ஒரு வேலையா? நான் உருட்டிய வேகத்தைப் பார்த்து அந்தக் கிழவர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மூடி போட்டாயிற்று. பிறகு? பிறகு ஒன்றும் இல்லை. கிளறக்கூடாது, திறந்து பார்க்கக்கூடாது. விறகை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தீயைக் குறைப்பார்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் சும்மா இருந்தோம். நான் தினமும் விடிய நாலு மணிக்கு எழும்பி, பத்து அடுப்புக் காரியத்தை ஒரே நேரத்தில் பார்த்து, பதினொரு மணிக்குள் பார்சல் கட்டி முடிக்கிறவள். அடுப்பில் சட்டி இருக்கும்போது நாற்காலியில் சாய்ந்திருந்தது என் நினைவில் அதுதான் முதல் தடவை. கிராண்ட் ஆன்ஸ் மணலில் படுத்திருந்தபோதுகூட என் மனம் எதையாவது கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தது. இங்கே அது நின்றுவிட்டது. அக்கா என் தோளில் சாய்ந்து நித்திரையே போனாள். விடுமுறை என்று சொல்லிச் செலவழித்த காசுக்கு எனக்குக் கிடைத்தது அந்த நேரம்தான், அது ஒன்றே போதும்.

அந்த நேரத்தில்தான் கதைகளும் வந்தன. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குத் தோட்டத் துரைமார் கொடுத்தது உப்பு மீனும் உப்பு இறைச்சியும். அந்த உப்பு மீன் வட அமெரிக்கக் கரையிலிருந்து கப்பலில் வந்தது, கனடாவின் நியூபவுண்ட்லாந்து உட்பட. "இப்போதும் அங்கிருந்துதான் வருகிறதா?" என்று பெறாமகள் பெட்டியைத் தேடிப் பார்த்து உறுதிசெய்துகொண்டாள். ஈரப்பலாவைக் கரீபியனுக்குக் கொண்டுவந்தவர் கப்பல் தலைவர் வில்லியம் பிளை, தகீட்டித் தீவிலிருந்து 1793இல். கொண்டுவந்ததும் அடிமைகளுக்கு மலிவாக வயிறு நிரப்பத்தான். அந்தச் சனங்கள் தங்களுக்கு அளந்து போட்டதை எல்லாம் ஒரு சட்டியில் அடுக்கித் தங்கள் சொந்தச் சாப்பாடாக ஆக்கிவிட்டார்கள். மஞ்சளுக்கும் கறிக்கும் இந்தியத் தொடர்பு உண்டு. 1857 மே 1ஆம் திகதி மெயிட்ஸ்டோன் என்ற கப்பலில் முதல் இந்தியக் கூலிகள் கிரெனடாவில் இறங்கினார்கள். இன்று அங்கே ரொட்டியும் கறியும் எல்லாருடைய சாப்பாடு. வந்திருந்த அயலவர்களில் ஒரு பெண்ணின் பாட்டனாருக்குப் பாட்டனார் அப்படி வந்தவராம். அவர் தன் கோப்பையைவிட என் கோப்பையைத்தான் அதிகம் நிரப்பினார்.

சட்டியைத் திறந்ததும் முதலில் வருவது தைம் வாசம், அதன் பின்னால் வற்றிய தேங்காய்ப்பாலின் இனிப்பு வாசம், நாம் தேங்காய் எண்ணெய் காய்ச்சும்போது கக்கல் சிவந்து வருமே, அதற்குக் கிட்ட. சேம்பிலை கரைந்து குழைந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஈரப்பலாக்காய் மஞ்சளாகி, விரலால் அழுத்தினால் அமுங்கும், ஆனால் உடையாது. உள்ளே வரைக்கும் உப்பும் பாலும். அடியில் பிடித்த துண்டுதான் மிக ருசி, அதற்குப் போட்டியும் உண்டு. மாவு உருண்டை மேலே ஆவியில் வெந்து, கீழ்ப்பக்கம் மட்டும் எண்ணெய் குடித்திருக்கிறது. உறைப்பு நமக்குப் போதாது. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அத்தான் பையிலிருந்து மிளகாய்த்தூள் எடுத்தார், நான் கையைப் பிடித்தேன். முதல் கோப்பையை அப்படியே சாப்பிட வேண்டும். இரண்டாவதுக்கு அவர்களுடைய மிளகாய்ச் சோஸ் கொஞ்சம் விட்டால் அருமை. நல்ல பசியோடு போங்கள், பிறகு அன்று இரவுச் சாப்பாடு தேவைப்படாது.

ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை இதைச் சமைத்துப் பார்த்ததுதான். எங்கள் முற்றத்தில், மூன்று கல்லில். ஈரப்பலாக்காய் பெரியகடைச் சந்தையில் கிடைத்தது. சேம்பிலையை நன்றாக வேகவைக்காவிட்டால் தொண்டை கடிக்கும், பயமென்றால் பசளிக்கீரை போடுங்கள், குழைவு குறையும், அவ்வளவுதான். தைமுக்குப் பதில் வாசலில் நிற்கும் கற்பூரவள்ளி. அங்கேயும் அந்த இலையை அகன்ற இலைத் தைம் என்று சட்டிக்குள் போடுகிறார்கள், ஆகவே இது ஒப்பேற்றல் இல்லை. உறைப்பு மிளகாய்க்குப் பதில் நம் நைமிரிஸ் மிளகாய் ஒன்று, முழுதாக. மஞ்சள் நம் கையில் தாராளம். 2020இல் இறக்குமதி நின்று விலை ஏறிய நாட்களில் பலர் வீட்டுப் பின்பக்கம் நட்டார்களே, என்னுடையது இன்னும் தளிர்க்கிறது. உப்பு மீனுக்குக் கட்டாக் கருவாடு, கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் நானா தெரிந்தெடுத்துத் தந்தது. நம் கருவாட்டில் உப்பு அதிகம், இரவில் ஊறவைத்து, காலையில் ஒரு தரம் கொதிக்கவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். வேறு உப்பே போடத் தேவையில்லை.

பக்கத்து வீட்டு மாமி சைவம். அவருக்கென்று ஒரு சின்னச் சட்டியில் கருவாடு இல்லாமல், பூசணியும் பயற்றங்காயும் சேர்த்து அடுக்கினேன். மாமி சாப்பிட்டுவிட்டு, "பிள்ளை, பால் திரைஞ்சு போச்செண்டு சொல்ல வந்தன், வாயில வைச்சதும் சொல்ல மனம் வரேல்ல" என்றார். நானாவின் வீட்டு ராத்தாவுக்குக் கருவாட்டுச் சட்டியில் ஒரு பங்கு அனுப்பினேன். இடிச்ச சம்பல் பக்கத்தில் இருக்க வேண்டும், தேசிக்காய் பிழிய வேண்டும் என்று சொல்லியனுப்பினார். இரண்டும் சரியான யோசனை. இப்போது நான் பார்சலோடு இதைக் கொடுப்பதில்லை, பெட்டியில் அடைத்தால் மாவு உருண்டை இறுகிவிடும். சட்டியைச் சுற்றி இருந்து சாப்பிட வருகிறவர்களுக்கு மட்டும், முதல் நாள் சொன்னால் செய்கிறேன்.

கிரெனடா போக நினைப்பவர்களுக்குச் சில விசயம். செலவில் பெரும்பங்கு விமானத்துக்குத்தான். வீட்டு விடுதிகள் பெரிய ஹொட்டலைவிட வெகு மலிவு, ஆனால் பல மேட்டில் இருக்கும். ஜூனிலிருந்து நவம்பர் வரை சூறாவளிக் காலம். 2024 ஜூலை முதலாம் திகதி பெறில் சூறாவளி பக்கத்துக் கரியாக்கூ தீவைத் துவம்சம் செய்தது, அதனால் அந்த மாதங்களைத் தவிருங்கள். சந்தையில் குங்குமப்பூ என்று விற்பது நம் மஞ்சள்தான், குங்குமப்பூ கிடைத்தது என்று அள்ளிக் கட்டாதீர்கள். சாதிக்காய் வாங்குங்கள், சாதிக்காய்ச் சதையில் செய்த ஜாமும் வாங்குங்கள். அறை பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியது மூன்று: ஒயில் டவுன் எந்த நாளில், விறகிலா காஸிலா, இறைச்சி என்ன போடுவீர்கள். "எந்த நாளும் கிடைக்கும்" என்று சொல்கிற இடமென்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.